நீல ஊருக்குள்ள ஒரு மெரூன் தொப்பி

ஜனவரி 17, 2025, வெள்ளி: ஆஷ்பர்ன்லருந்து நோவை

காலைல அஞ்சரைக்கு வண்டிய எடுத்தாச்சு. மிச்சிகன்ல நோவைங்கிற ஊர்ல அக்கா வீடு, இங்கருந்து ஐந்நூறு மைல் கிட்ட. பொங்கலுக்கே வான்னு அக்கா கூப்பிட்டா, லீவு கிடைக்கல, இப்ப திங்கக்கிழமை மார்ட்டின் லூதர் கிங் லீவோட சேத்து கிளம்பிட்டேன். ஆனா உண்மையான காரணம் பொங்கல் இல்ல, அத்தான் ஃபோன் பண்ணி "மாப்ள, ஆஃபீஸ்ல ஒருத்தர் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச்சுக்கு ரெண்டு டிக்கெட் தர்றாரு, உங்க வாஷிங்டன் டீமும் எங்க டெட்ராய்ட் லயன்ஸும், நீங்க வர்றீங்க"ன்னு சொன்னதுதான். கேள்வியே இல்ல, உத்தரவு.

எங்க ஆஷ்பர்ன்ல பேர் சொல்ற மாதிரி ரெண்டு விஷயம் இருக்கு, ஒண்ணு டேட்டா சென்டர், இன்னொண்ணு வாஷிங்டன் கமாண்டர்ஸ் டீமோட ப்ராக்டிஸ் இடம். ரெண்டாவத பத்தி போன வருஷம் வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரரே பேச மாட்டாரு. 2023ல 17 மேட்ச்ல 4 ஜெயிச்சாங்க, 13 தோத்தாங்க. பழைய ஓனர் போயி ஜாஷ் ஹாரிஸ் குரூப் 605 கோடி டாலர் குடுத்து வாங்கி, கோச்ச மாத்தி டான் க்வின்ன கொண்டு வந்து, ரொம்ப மோசமா ஆடுன புண்ணியத்துல டிராஃப்ட்ல, அதாவது புதுப் பசங்கள டீமுங்க வரிசையா எடுக்குறதுல, ரெண்டாவது இடம் கிடைச்சு அதுல ஜேடன் டேனியல்ஸ்னு ஒரு பையன எடுத்தாங்க. அந்தப் பையன் வந்த முதல் வருஷமே 12 ஜெயிப்பு 5 தோல்வி. அக்டோபர் 27ம் தேதி சிகாகோ பேர்ஸ் கூட கடைசி பால்ல, அதாவது டைம் ஓடி முடிஞ்சபிறகு பந்து காத்துல இருக்கு, கூட்டமா எம்பி ஒருத்தர் கைல பட்டு பின்னாடி தனியா நின்ன நோவா பிரவுன் கைல விழுந்து 18-15ன்னு ஜெயிச்சாங்க. அன்னிக்கு எங்க தெருவுல கத்துன கத்துல நான் ஏதோ ஆக்ஸிடென்ட்டுன்னு வெளிய ஓடுனேன்.

அதுல பாவம் சிகாகோ. அந்த மேட்ச்சுக்கு வர்றப்ப அவங்க 4 ஜெயிப்பு 2 தோல்வி, நல்லாத்தான் இருந்தாங்க. அந்த ஒரு பந்துக்கு அப்புறம் அதையும் சேத்து வரிசையா 10 தோல்வி, நடுவுலயே கோச்ச வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒரு பந்து யார் கைல விழுதுங்கிறதுல ரெண்டு ஊரோட குளிர்காலமே மாறிப் போச்சு.

ரோட்டுக்கு வர்றேன். பென்சில்வேனியால பிரீஸ்வுட்னு ஒரு ஊர், நல்லா போயிட்டிருக்குற ஹைவே அங்க மட்டும் திடீர்னு டவுன் ரோடு ஆயிரும், சிக்னல், பெட்ரோல் பங்க், மோட்டல், லாரி, எல்லாத்தையும் தாண்டித்தான் அடுத்த ஹைவேல ஏறணும். யாரு இப்படி பிளான் போட்டாங்கன்னு தெரியல ஆனா அந்த ஊர் கடைக்காரங்களுக்கு இதவிட நல்ல பிளான் இருக்க முடியாது. நானும் ஏமாறாம ஒரு காபி மட்டும் வாங்கினேன், பெட்ரோல் வெலை அங்க ஜாஸ்தி. அப்புறம் டோல் ரோடு, அந்த டோலுக்கு நம்மூர்ல ஒரு வாரம் காய்கறி வாங்கலாம்.

ஒஹாயோ சமவெளி. ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நேரா ரோடு, நேரா வயல், பழைய பனி ஓரத்துல அழுக்கா கெடக்கு. சர்வீஸ் பிளாசால கார் உள்ள உக்காந்து பொண்டாட்டி கட்டிக் குடுத்த புளியோதரைய சாப்ட்டேன். பக்கத்து கார்ல ஒரு வெள்ளக்காரப் பாட்டி கண்ணாடிய எறக்கி என் மெரூன் கமாண்டர்ஸ் தொப்பிய பாத்துட்டு, "நாளைக்கு உங்களுக்கு கஷ்டம்தான் தம்பி, ஆனாலும் நல்லா ஆடுங்க"ன்னாங்க. நான் ஆடப் போற மாதிரியே. கார் நம்பர் பிளேட் மிச்சிகன்.

சாயங்காலம் மூணு மணிக்கு நோவை. அக்கா சக்கரைப் பொங்கல் திரும்ப வச்சிருந்தா. அத்தான் வீட்டு வாசல்ல நீலக் கலர்ல சிங்கக் கொடி.

ஜனவரி 18, சனி: டெட்ராய்ட்

அத்தான் சனிக்கிழமை கவிச்சி தொட மாட்டாரு, பெருமாளுக்கு வேண்டுதல். இத ஏன் முதல்லயே சொல்றேன்னா இன்னிக்கு நாங்க போன இடமெல்லாம் கறி.

ஈஸ்டர்ன் மார்க்கெட். சனிக்கிழமை காய்கறிச் சந்தை, பெரிய பெரிய செங்கல் ஷெட்டு, செவுரெல்லாம் ஓவியம், தேன், முட்டை, ஆப்பிள். மேட்ச் இருந்தா பார்க்கிங் லாட் பூரா டெயில்கேட், அதாவது வண்டி டிக்கியத் தொறந்து வச்சு அடுப்பு மூட்டி ஊருக்கே சமைக்கிறது. மேட்ச் ராத்திரி 8 மணிக்கு, இவங்க மத்தியானமே புகை போட ஆரம்பிச்சாச்சு. ஒரு பழைய ஸ்கூல் பஸ்ஸ நீல பெயிண்ட் அடிச்சு உள்ள சோஃபா போட்டிருக்காங்க. என் மெரூன் தொப்பியப் பாத்து ஒருத்தர் கைகாட்டி கூப்ட்டாரு, சரி திட்டுதான் விழப் போகுதுன்னு போனா கைல ஒரு பேப்பர் தட்டு, அதுல மான் கறி சாசேஜ், அவரே வேட்டைக்குப் போயி அடிச்ச மானாம். காசு வாங்கல. "நீ எங்க ஊருக்கு விருந்தாளி, ராத்திரி எட்டு மணிக்கு மேல பாத்துக்கலாம்"னாரு. மான் நல்லா இருந்துச்சு, கொஞ்சம் வறண்டிருந்தது, மிளகு தூக்கலா. அத்தானுக்கு உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டும் ஃபேகோ சிவப்பு சோடாவும், ரெண்டுமே இந்த ஊர்லயே செய்யிறது, அதனால அவருக்கு அதுவும் ஊர்ப்பற்று கணக்குல சேந்துருச்சு.

இங்க லயன்ஸ் பத்தி கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி ராத்திரி நடந்தது புரியாது. சூப்பர் பௌல், அதாவது ஃபைனல், அது பக்கமே போகாத டீம். 2008ல 16 மேட்ச், 16 தோல்வி, ஒண்ணு கூட ஜெயிக்கல. அந்த வருஷம்தான் அத்தான் மிச்சிகனுக்கு வேலைக்கு வந்தாரு, கார் கம்பெனிங்க எல்லாம் திவால் வாசல்ல நின்ன நேரம், ஆஃபீஸ்ல தினம் யாரோ ஒருத்தர் அட்டைப்பெட்டியோட வெளிய போவாங்களாம், ஞாயித்துக்கிழமை டிவி போட்டா இதுவும் தோத்துக்கிட்டே இருக்குமாம். "எனக்கு அப்ப வேற யாரையும் தெரியாது மாப்ள, தோக்குறவன் கூட பேச்சு ஈஸி"ன்னாரு. ஆர்சிபி ரசிகங்க வருஷா வருஷம் கப் நமக்குத்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்கல்ல, அந்தக் கூட்டத்த இன்னும் நாலு தலைமுறை பின்னாடி இழுத்துட்டுப் போங்க, அதுதான் இந்த ஊரு.

1992 ஜனவரில ஒரு ப்ளே ஆஃப் மேட்ச் ஜெயிச்சாங்க, அதுக்கு அடுத்தது 2024 ஜனவரில. நடுவுல 32 வருஷம். போன வருஷம் ஃபைனலுக்கு முந்தின மேட்ச்ல சான் பிரான்சிஸ்கோ கூட பாதி ஆட்டத்துல 24-7ன்னு முன்னாடி நின்னு 34-31ன்னு தோத்தாங்க. இந்த சீசன் 15 ஜெயிப்பு ரெண்டே தோல்வி, அவங்க பிரிவுலயே முதலிடம், முதல் ரவுண்டு ஆட வேண்டாம், வீட்டுலயே உக்காந்து ஓய்வு. போன வருஷம் இவங்கள அடிச்ச சான் பிரான்சிஸ்கோ இந்த வருஷம் 6 ஜெயிப்பு 11 தோல்வி, ப்ளே ஆஃப் வாசலையே பாக்கல. இந்த லீக்ல அது அப்படித்தான், எல்லா டீமுக்கும் சம்பளத்துக்கு ஒரே வரம்பு, 2024ல 25.54 கோடி டாலர், அதுக்கு மேல போக முடியாது, கடைசில வந்தவனுக்கு டிராஃப்ட்ல முதல் பந்தி. மேல போறவன கீழ இழுக்கவும் கீழ கெடக்குறவன தூக்கி விடவும் விதியே எழுதி வச்சிருக்காங்க. ஆனா லயன்ஸ் மட்டும் இத்தன வருஷம் முதல் பந்தில உக்காந்தும் பசியோடயே எந்திரிச்சாங்கங்கிறதுதான் அத்தானோட கவலை.

டவுன்டவுன் நடந்தே போனோம். காலைல அவ்ளோ குளிர் இல்ல, சாயங்காலம் காத்து திரும்பிருச்சு, ஆத்துப் பக்கமிருந்து வந்து காத அறுக்குது. பீப்பிள் மூவர்னு ஒரு குட்டி ரயில் டவுன்டவுன மட்டும் சுத்தும், நாங்க போனப்ப காசு இல்லாம ஓசி. சும்மா ஒரு சுத்து சுத்தினோம், கதகதப்புக்கு. பார்க்கிங்குக்கு மேட்ச் நாள் வெலைய ஒரு போர்டுல பாத்தேன், 100 டாலர். அத்தான் ஒரு மைல் தள்ளி அவர் ஃப்ரெண்டு ஆஃபீஸ் வாசல்ல நிப்பாட்டுனதுக்கு மனசுக்குள்ள நன்றி சொன்னேன்.

அமெரிக்கன் கோனி ஐலண்ட், லஃபாயட் கோனி ஐலண்ட், ரெண்டு கடை ஒரே செவுத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. கிரேக்க நாட்டுலருந்து வந்த அண்ணன் தம்பி ஆரம்பிச்சது, முதல் கடை 1917ல. சாசேஜ் மேல கொத்துக்கறி குழம்பு, கடுகு சாஸ், பொடியா அரிஞ்ச வெங்காயம். ஊருல பாதி இந்தக் கடைக்கு, பாதி அந்தக் கடைக்கு, ரெண்டுக்கும் போறேன்னு சொன்னா ரெண்டு பக்கமும் மரியாதை இல்லையாம். நான் லஃபாயட்ல ரெண்டு உள்ள தள்ளினேன். தட்டு வந்த வேகத்துக்கு நான் உக்காரவே இல்ல. அத்தான் எதிர்ல வெறும் டீ.

ஃபோர்டு ஃபீல்டுக்குள்ள போனா வெளிக்குளிரு மறந்துரும், கூரை போட்ட ஸ்டேடியம். ஆனா சத்தம்! கூரை இருக்குறதால சத்தம் வெளிய போக வழியில்லாம நம்ம நெஞ்சுலயே வந்து மோதுது. பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துற ஆளுதான் குவார்ட்டர்பேக், அவர் பேர ரெண்டா ஒடச்சு "ஜா-ரெட் காஃப்"னு அறுபதாயிரம் பேர் சொல்றாங்க. இந்த காஃப் லாஸ் ஏஞ்சலஸ் டீம் வேண்டாம்னு தள்ளி விட்ட ஆளு, இவர 2021ல இங்க அனுப்பிட்டு இங்கிருந்த ஸ்டாஃபோர்ட வாங்கிட்டுப் போயி அந்த சீசனே அவங்க கப் அடிச்சுட்டாங்க. ஊரே இவர பாவம்னு தத்தெடுத்துக்கிச்சு.

எனக்கு வலது பக்கம் ஒரு பெரியவர், எழுபது வயசு இருக்கும், டீம் பொன்டியாக்ல ஆடின காலத்துலருந்தே சீசன் டிக்கெட் வச்சிருக்காராம். என் தொப்பியப் பாத்துட்டு முதல் கேள்வி, "கார்லயா வந்தீங்க, ரோடு எப்படி இருந்துச்சு?" அப்புறம் அவரே சொன்னாரு, 1992ல லயன்ஸ் அந்த ஒரு மேட்ச் ஜெயிச்சதும் அடுத்த வாரம் ஃபைனலுக்கு முந்தின ரவுண்டுல வாஷிங்டனுக்குப் போயி 41-10ன்னு உதை வாங்கினாங்க, அன்னிக்குக்கு அப்புறம் வாஷிங்டனும் அந்த ரவுண்டுக்கு வந்ததில்லன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, சிரிப்பு முழுசா இல்ல.

ஆட்டம் முழுக்க எழுத முடியாது, கொஞ்சம். முதல் கால் பகுதி லயன்ஸ் பக்கம். ரெண்டாவது கால் பகுதில கூரை இடிஞ்ச மாதிரி ஆயிருச்சு. ரெண்டு டீமும் சேந்து அதுல மட்டும் 42 பாயிண்ட். காஃப் எறிஞ்ச பந்த வாஷிங்டன்காரன் க்வான் மார்ட்டின் புடிச்சு 40 கஜம் ஓடி டச்டவுன், அதாவது கடைசிக் கோட்டத் தாண்டி பாயிண்ட், அதுல காஃபுக்கு அடியும் பட்டு வெளிய கூட்டிட்டுப் போயி தலைய செக் பண்ண, உள்ள வந்தது டெடி பிரிட்ஜ்வாட்டர். இவர் யாருன்னா, ரிட்டையர் ஆகி மயாமில தான் படிச்ச ஹைஸ்கூலுக்கு கோச்சா இருந்து போன மாசம்தான் பசங்களுக்கு ஸ்டேட் கப் வாங்கிக் குடுத்துட்டு திரும்ப இங்க வந்திருக்காரு. ஸ்கூல் வாத்தியார் நேரா ப்ளே ஆஃப்ல! நடுவுல லயன்ஸ் ஜேம்சன் வில்லியம்ஸ் 61 கஜம் ஓடின ஓட்டம் இருக்கே, அப்ப நானே எந்திரிச்சு கைதட்டிட்டேன், அத்தான் என் தொப்பியப் புடுங்கி எம்மேலயே அடிச்சாரு. பாதி ஆட்டத்துல 31-21, வாஷிங்டன் முன்னால.

பாத்ரூம் லைன்ல பேச்சே இல்ல. நீல ஜெர்சி ஐம்பது பேரு, எல்லாரும் தரையப் பாக்குறாங்க. ஒரு பையன் மட்டும் சொன்னான், "ஹட்சின்சன் இருந்திருந்தா." அக்டோபர்ல டல்லாஸ் மேட்ச்ல கால் ஒடஞ்ச ஆளு. அவரு மட்டும் இல்ல, டிஃபென்ஸ்ல பாதிப் பேரு கட்டு போட்டு உக்காந்திருக்காங்க. யாரும் அவனுக்கு பதில் சொல்லல.

அப்புறமும் ஒரு தடவ நெருங்கி வந்தாங்க, அப்புறம் அந்த வில்லியம்ஸையே பந்து எறிய வச்சு ஒரு தந்திரம் பண்ணாங்க, அதையும் வாஷிங்டன்காரன் சைன்ரிஸ்டில் புடிச்சுட்டான், இந்த மிச்சிகன்ல காலேஜ் ஆடின பையன் அவன்! அஞ்சு தடவ பந்த எதிராளி கைல குடுத்தா எவ்ளோ பெரிய டீமா இருந்தாலும் என்ன பண்ண முடியும். 45-31. டேனியல்ஸ் பையன் மட்டும் பதறவே இல்ல, 24 வயசு, முதல் சீசன், பஸ் ஸ்டாப்ல நிக்கிறவன் மாதிரி நிக்கிறான்.

நான் கத்தல. கத்தணும்னு வந்தேன், நாலாவது கால் பகுதில பக்கத்துல பெரியவர் தன் நீல மஃப்ளர மடிச்சு பைக்குள்ள வைக்கிறதப் பாத்ததும் வாய் வரல. எந்திரிக்கும்போது கை குடுத்தாரு, "பனி வரும்னு சொல்றாங்க, திங்கக்கிழமை பாத்து ஓட்டுங்க"ன்னாரு, "செப்டம்பர்ல பாக்கலாம்"னு அத்தான்கிட்ட சொன்னாரு. வெளிய வர்ற படிக்கட்டு முழுக்க ஜனம், ஒரு கெட்ட வார்த்த இல்ல, ஒருத்தன் இடிக்கல, என் தொப்பியப் பாத்து நாலஞ்சு பேரு "நல்லா ஆடினீங்க". எனக்குத்தான் தொப்பிய கழட்டி ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கலாமான்னு இருந்துச்சு, குளிருக்குப் பயந்து வைக்கல.

மணி பன்னெண்டு தாண்டிருச்சு. அத்தான் வாட்ச்சப் பாத்தாரு. "மாப்ள, ஞாயித்துக்கிழமை ஆயிருச்சு"ன்னாரு. தொறந்திருந்த கோனி கடை ஒண்ணுல நின்னுக்கிட்டே மூணு சாப்ட்டாரு, ஒரு வார்த்த பேசாம.

ஜனவரி 19, ஞாயிறு: ஹாம்ட்ராமிக், அக்கா வீடு

அத்தான் பத்து மணி வரைக்கும் எந்திரிக்கல. வாசல்ல கொடி இன்னும் இருக்கு, கழட்டலையான்னு அக்கா கேட்டதுக்கு "குளிரா இருக்கு"ன்னாரு.

அவர வீட்டுல வச்சிருந்தா சரிப்படாதுன்னு ஹாம்ட்ராமிக் போனோம். டெட்ராய்டுக்கு நடுவுல தனியா ஒரு குட்டி ஊரு. போலந்துக்காரங்க கட்டினது, இப்ப வங்கதேசமும் ஏமனும். ஒரே தெருவுல போலிஷ் பேக்கரி, புடவைக் கடை, மசூதி. பேக்கரில பூன்ச்கின்னு ஜாம் அடைச்ச உருண்டை, நல்ல கனம், ஒண்ணு தின்னா மத்தியானச் சாப்பாடு வேண்டாம். ஏமன் கடைல ஏலக்காயும் கிராம்பும் போட்ட பால் டீ, நம்ம டீக்கடைக்காரருக்குத் தூரத்துச் சொந்தம் யாரோ போட்ட ருசி. கல்லால இருந்த பையன் அத்தானோட நீல ஸ்வெட்டரப் பாத்துட்டு டீக்கு காசு வேண்டாம்னுட்டான். துக்க வீட்டுல குடுக்குற மாதிரி குடுத்தான், அத்தானும் அப்படியே வாங்கிக்கிட்டாரு.

மத்தியானம் டிவி. ஃபிலடெல்ஃபியால கொட்டுற பனில ஈகிள்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். கோடு தெரியல, மண்வெட்டிய வச்சு தள்ளிக்கிட்டே இருக்காங்க. அதுல சேக்வான் பார்க்லின்னு ஒருத்தன் பூட்ஸ் வழுக்காம ரெண்டு நீள ஓட்டம், ஒண்ணு 62 கஜம், ஒண்ணு 78. ஈகிள்ஸ் 28-22. இந்த பார்க்லிய போன மார்ச்சுல நியூயார்க் ஜயன்ட்ஸ் சம்பளம் கட்டுப்படியாகாதுன்னு விட்டுட்டாங்க, சீசன்ல 2005 கஜம் ஓடிட்டான், ஜயன்ட்ஸ் 3 மேட்ச் ஜெயிச்சு 14 தோத்தாங்க. இத அத்தான்தான் சொன்னாரு, காலைலருந்து முதல் தடவ முகத்துல கொஞ்சம் களை.

ராத்திரி பஃபலோ பில்ஸ், பால்டிமோர் ரேவன்ஸ். ஒன்றரை நிமிஷம் பாக்கி, பால்டிமோர் சமன் பண்ண ஒரு பந்து புடிச்சா போதும், மார்க் ஆண்ட்ரூஸ் கைலயே வந்து விழுந்துச்சு, நழுவிருச்சு, 27-25. இத்தன வருஷமா அந்த டீமுக்காக பந்தா புடிச்சுத் தள்ளினவரு. அக்கா அடுப்படில கருவாட்டுக் குழம்பு கிளறிக்கிட்டே எட்டிப் பாத்து, "அந்தப் பையன யாரும் திட்டாம இருந்தா சரி"ன்னா. அவளுக்கு இந்த ஆட்டத்துல ஒரு விதியும் தெரியாது.

ஜனவரி 20, திங்கள்: திரும்பி வர்ற வழி

வண்டி ஸ்டார்ட் ஆகல.

கார் தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட்ல 6ன்னு காட்டுது, செல்சியஸ்ல மைனஸ் 14. சாவி போட்டா டிக் டிக்னு ஒரு சத்தம், அவ்ளோதான். அத்தான் வண்டில கேபிள் இல்ல. எதிர் வீட்டுக்காரரு நாய கூட்டிட்டு வந்தவரு ஒண்ணும் கேக்கல, நாய உள்ள விட்டுட்டு ஒரு சின்னப் பெட்டிய எடுத்துட்டு வந்தாரு, செங்கல் சைஸ்தான் இருக்கும், மாட்டி, ரெண்டே நிமிஷம், வண்டி உறுமிருச்சு. காசு பேச்சே எடுக்க முடியல. "வர்ஜீனியாவா, அடுத்த வாரம் ஃபிலடெல்ஃபியாவ அடிங்க, அவங்கள எங்களுக்கும் புடிக்காது"ன்னாரு. அக்கா அவர் கைல ஒரு டப்பா முறுக்கத் திணிச்சா.

வழில வைப்பர் தண்ணி உறைஞ்சு போயி கண்ணாடி பூரா உப்புக் கறை, இருபது மைலுக்கு ஒரு தடவ நிறுத்தி பேப்பர் வச்சு தொடச்சேன். குளிர் கால தண்ணி தனியா விக்கிது, அத கேட்டு வாங்கணும்னு டொலீடோ பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் அம்மா சொல்லிக் குடுத்தாங்க, 5 டாலர் சொச்சம். இந்த வருஷம் அமெரிக்க அதிபர் பதவியேற்பு விழாவையே குளிருக்காக உள்ள வச்சு நடத்துறாங்கன்னு ரேடியோல ஓடிக்கிட்டிருக்கு.

பிட்ஸ்பர்க் தாண்டும்போது அத்தான் ஃபோன். லயன்ஸ் டீமுக்கு ஆட்டத்த வரைஞ்சு குடுக்குற பென் ஜான்சன், சிகாகோவுக்கு ஹெட் கோச்சா போறாராம். அதே சிகாகோ, ஒரு பந்துல விழுந்த சிகாகோ. இனிமே வருஷத்துக்கு ரெண்டு தடவ லயன்ஸ எதுத்து ஆடுவாரு. "15 மேட்ச் ஜெயிச்சதுக்குப் பரிசு இது மாப்ள, நல்லா பண்ணா தூக்கிட்டுப் போயிருவான்." கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல, லைன்ல அக்கா மிக்சி சத்தம் மட்டும். வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது.

ஜனவரி 26, ஞாயிறு: ஃபிலடெல்ஃபியா

இது பிளான்லயே இல்லாத பயணம். ஆஃபீஸ் பசங்க மூணு பேரு, என் வண்டி, ஸ்டேடியத்துக்குள்ள போற காசு எவன்கிட்டயும் இல்ல, சும்மா அந்த ஊர்ல இருந்து பாக்கணும்னு ஒரு ஆசை. ஐ-95ல டெலவேர் டோல்கிட்டயே மெரூன் கொடி கட்டின வண்டிங்க வரிசையா, ஹாரன் அடிச்சு ஒருத்தருக்கொருத்தர் கும்பிடு போட்டுக்கிறாங்க. வாஷிங்டன் இந்த ரவுண்டுக்கு வந்து 33 வருஷம் ஆச்சு, அந்த வண்டில இருக்குற பாதிப் பேரு அப்ப பொறக்கவே இல்ல.

சவுத் ஃபிலடெல்ஃபியால ஒரு சாண்ட்விச் கடை. சீஸ்ஸ்டேக் 15 டாலர், வரிசை நாப்பது நிமிஷம். கவுண்டர்ல இருந்த பெரியம்மா என் தொப்பியப் பாத்து கைல இருந்த ரொட்டிய கீழ வச்சாங்க. வரிசை பூரா திரும்பிப் பாக்குது. "உனக்கு வெங்காயம் கிடையாது"ன்னாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க, நானும் சிரிச்சேன், கடைசில பாத்தா நெசமாவே வெங்காயம் இல்ல! ஆனா கறி ரெண்டு மடங்கு வச்சிருந்தாங்க. இந்த ஊரு மரியாதை இப்படி.

தெருவுல நடக்க முடியல, சின்னப் பையன் எட்டு வயசு இருப்பான், அப்பா தோள்ல உக்காந்துக்கிட்டு எங்களப் பாத்து விரல்ல ஒரு சைகை, அப்பா கண்டிக்கல, பெருமையா பாக்குறாரு. டெட்ராய்ட் பெரியவர் ஞாபகம் வந்துச்சு. எனக்கென்னமோ இவங்கள கோவிச்சுக்கத் தோணல. அங்க ஜெயிச்சுப் பழக்கமில்லாம தோல்விய மடிச்சு பைல வைக்கத் தெரிஞ்சிருக்கு, இவங்க 2018லதான் முதல் சூப்பர் பௌல் ஜெயிச்சாங்க, அந்த ருசி நாக்குல இருக்கு.

பார் ஒண்ணுல ஓரமா நின்னு பாத்தோம், பீர் 8 டாலர், ஸ்டேடியத்துக்கு இது பரவாயில்ல. வாஷிங்டன் முதல்ல நிதானமா வந்து மூணு பாயிண்ட் எடுத்துச்சு. உடனே ஈகிள்ஸ் முதல் ஆட்டத்துலயே பார்க்லி 60 கஜம் ஓடிட்டான். என் பக்கத்துல இருந்தவன் பீர் முழுக்க என் ஜாக்கெட்ல, மன்னிப்புக் கேட்டு டிஷ்யூ எடுத்துக் குடுத்துட்டு திரும்ப கத்தப் போயிட்டான். அப்புறம் வாஷிங்டன் பந்த நழுவ விட ஆரம்பிச்சாங்க, போன வாரம் டெட்ராய்ட் பண்ணுனத அப்படியே இவங்க பண்ணாங்க.

ஒரு கூத்து சொல்லணும். ஈகிள்ஸ் கோட்டுகிட்ட ஒரு கஜம் பாக்கின்னா குவார்ட்டர்பேக்க பின்னாடிருந்து எல்லாரும் சேந்து தள்ளுவாங்க, அதத் தடுக்க வாஷிங்டன் ஃப்ராங்கி லூவு பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே மேல பாஞ்சு தாண்டுறாரு. ஃபவுல். திரும்ப பாயுறாரு. திரும்ப ஃபவுல். கோடு இஞ்ச் கணக்குல கிட்ட போகுது. கடைசில அம்பயர் மைக்க எடுத்து, இன்னும் இப்படியே பண்ணா பாயிண்ட்ட நாங்களே குடுத்துருவோம்னு ஊருக்கே அறிவிச்சாரு. அப்படி ஒரு விதி இருக்குறதே பார்ல பாதிப் பேருக்குத் தெரியல, ஈகிள்ஸ்காரனும் நாங்களும் ஒண்ணா சிரிச்ச ஒரே நேரம் அதுதான்.

55-23. ஐம்பத்தஞ்சு! மூணு மணிக்கு ஆரம்பிச்ச மேட்ச், இருட்டுறதுக்குள்ளயே முடிவு தெரிஞ்சு போச்சு. வெளிய வந்தா தெருவே வெடி, லைட் கம்பத்துல ஏற முடியாம கிரீஸ் தடவி வச்சிருக்காங்க, அதுலயும் ஒருத்தன் பாதி தூரம் ஏறிட்டு கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், கீழ போலீஸ்காரர் எறங்குடான்னு சொல்லிட்டு அவரே ஃபோட்டோ எடுக்குறாரு. எங்க தொப்பியப் பாத்து ஒரு கூட்டம் கத்துச்சு, ஒரு பொண்ணு மட்டும் கிட்ட வந்து "உங்க குவார்ட்டர்பேக் நல்ல பையன், நீங்க திரும்ப வருவீங்க, அதான் இப்பவே கத்திக்கிறோம்"னா.

வண்டில ஏறுனதும் அத்தான் மெசேஜ், எழுத்தே இல்ல, ஸ்கோர் மட்டும் ரெண்டு தடவ, அவங்களோடது 45-31, எங்களோடது 55-23. அப்புறம் அடுத்த மெசேஜ், "பெருசா தோத்தது யாரு மாப்ள?"

ஐ-95 டெலவேர் வரைக்கும் நகரவே இல்ல, பின்னாடி ரெண்டு பேரு தூங்கிட்டாங்க, ஜாக்கெட்ல பீர் நாத்தம். வாவான்னு ரோட்டோரக் கடை ஒண்ணுல நிறுத்தி காபி, பிரெட்சல், அங்க கல்லால இருந்த பையனும் ஈகிள்ஸ் ஜெர்சி. சில்லறையோட சேத்து "சாரி"ன்னான். ஃபிப்ரவரி 9 நியூ ஆர்லியன்ஸ்ல ஃபைனல், ஈகிள்ஸும் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸும், சீஃப்ஸ் ரெண்டு வருஷமா கப்ப வச்சிருக்காங்க. அத்தான் இந்த வருஷம் பாக்கப் போறதில்லன்னு சொல்லிட்டாரு. அக்கா தனியா ஃபோன் பண்ணி அன்னிக்கு என்ன பலகாரம் செய்யலாம்னு கேக்குறா, வீட்டுக்கு பன்னெண்டு பேர அத்தான் கூப்ட்டிருக்காராம்.